வெயில்ல காயவெச்ச ஜீப்பு

“மிதிச்சேன் மிதிச்சேன்னு திரும்பத் திரும்பச் சொல்லாதல. மிதிச்சா வண்டி நிக்காதா? போன நோண்டிக்கிட்டே ஓட்டிருப்ப.”

“ஒம்மேல சத்தியமா மிதிச்சேம்மா. பிரேக்கு கட்ட தரை வரைக்கும் போயிருச்சு. பிடிக்கல.”

“பொறத்தால ஒங்கய்யா நின்னுக்கிட்டு வாராவளேங்குத நெனப்பு வேண்டாமால?”

இது நடக்கும்போது நான் அந்த ஜீப்புக்கு அடியில மல்லாக்கப் படுத்திருந்தேன். ரெண்டு பேரு காலுதான் தெரிஞ்சுது. பேசுனது பாலம்மாளும் அவிய மகன் ஹரிகிருஷ்ணனும். பாலம்மா வீட்டுக்காரர் பேரு கடற்கரை. அவரு செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளு அது.

நான் கோவில்பட்டி பைபாஸ் பக்கம் ஷெட்டு வெச்சிருக்கேன். இருவத்தாறு வருசமா மெக்கானிக். வெள்ளத்துல முங்குன ஜீப்ப வாங்கலாமான்னு இந்த குரூப்புல அடிக்கடி கேக்குதீங்க. அதுக்குப் பதில் சொல்லத்தான் எழுத உக்காந்தேன்.

வெள்ளத்துக்கு அப்புறம் தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து ஒரு ஃபோர்வீல் ஜீப்பு சல்லிசா கெடச்சுது. ரெண்டு நாள் கூரை வரைக்கும் தண்ணிக்குள்ள கெடந்த வண்டி. கியர் ஆயில தொறந்தா பால் ஊத்துன காப்பி மாதிரி வந்துச்சு. ஆயில மாத்தி, சீட்ட கழட்டி, வயர எல்லாம் பிரிச்சுப் போட்டு, உளுந்து காயப்போடுத மாதிரி களத்துல நாப்பது நாள் நிறுத்துனேன். நம்மூரு மழைக்கே ஏங்குத ஊரு. தண்ணியில முங்குன சாமானப் பத்தி நமக்கு என்ன தெரியும்? வெயில்ல காஞ்சா சரியாயிரும்னு ஒரு நம்பிக்க. கரிசல் மண்ணு காஞ்சா வெடிச்சுத் தானா உதுந்துரும். ஆத்து வண்டல் அப்படி இல்ல. வண்டியோட அடிச்சட்டம் சேசுக்குள்ள போயி சிமெண்டு மாதிரி இறுகி, ஈரத்த உள்ளேயே வெச்சிக்கிடும்.

பின்சக்கரத்துக்குப் போற பிரேக்கு பைப்ப ஸ்க்ரூ டிரைவரால சொரண்டுனேன். பொருக்குப் பொருக்கா துரு வந்துச்சு. மாத்தணும்னு தெரியும். மறுநாள் வண்டிய வாங்க பார்ட்டி வாரதா இருந்துச்சு. மேல கருப்புப் பெயிண்ட் அடிச்சேன். டேஷ்போர்டுல பிரேக்கு செவப்பு லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுது. ஈர வயருதான் காரணம்னு பல்ப கழட்டிட்டேன்.

அந்தப் பார்ட்டிதான் கடற்கரை. எப்போதும்வென்றான் ஊருப் பக்கத்து ஆட்டுக்காரர். மழை பெஞ்சா கரிசக்காட்டுல மண்ணு சக்கரத்துல அப்பிக்கிடுது, ஆட்டுக் கிடைக்குப் போக ஃபோர்வீல் இருந்தாத்தான் முடியும்னாரு. வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்து, “அண்ணாச்சி, முங்குன வண்டியா?”ன்னாரு.

“டயரு நனஞ்சிருக்கும்”னேன்.

“நனயட்டும். எங்க ஊருல அதுக்கும் தண்ணி கெடையாது”ன்னு சிரிச்சாரு.

அஞ்சு மாசம் ஓடுச்சு. ஒரு சனிக்கெழம எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் பையன் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான். ஆடுகளோட பின்னால இவரு நின்னுருக்காரு. முன்னால போன பஸ்ஸு சட்டுன்னு நின்னுருச்சு. பையன் ஒடிச்சுத் திருப்பி ஓடப்பாலத்துச் செவுத்துல விட்டுட்டான். இவரு வெளிய விழுந்து அங்கனயே முடிஞ்சுட்டாரு.

பிரேக்கு பிடிக்கலன்னு பையன் சொன்னத யாரும் நம்பல. அவனேதான் வண்டிய லாரியில ஏத்திக்கிட்டு அம்மாவயும் கூட்டிக்கிட்டு வந்தான். “நீங்க பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா எங்கம்மா நம்புவா.”

அவிய சண்டை ஓடிக்கிட்டு இருக்கும்போதே பாத்துட்டேன். என் பெயிண்டுக்கு அடியில பைப்பு வெள்ளரிப்பழம் மாதிரி பிளந்து கெடந்துச்சு. “வீல எல்லாம் கழட்டணும், போயி டீ குடிச்சிட்டு வாங்க”ன்னு ரெண்டு பேரையும் அனுப்புனேன். முக்கா மணி நேரம். புதுப் பைப்பு போட்டு, அது மேல கொஞ்சம் மண்ணு பூசி, பிரேக்கு ஆயில் ஊத்தி, பைப்புக்குள்ள இருந்த காத்த எடுத்தேன். அவ்வளவு நிதானமா வேல பாத்து ரொம்ப நாளாச்சு.

வந்ததும், “ஏலே, நீயே ஏறி மிதிச்சுப் பாரு”ன்னேன்.

மிதிச்சான். பிரேக்கு கட்ட கல்லு மாதிரி நின்னுச்சு. பாலம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு ரோட்டப் பாத்துப் போயிட்டாவ. பையன் இறங்கல. கால எடுக்காம மிதிச்சுக்கிட்டே இருந்தான். “அப்போ அன்னைக்கு நான் மிதிக்கவே இல்லையோ அண்ணாச்சி?”ன்னான்.

“பதட்டத்துல கால் மாறியிருக்கும், விடு”ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன்.

அவன் கால் மாறல. அவன் மிதிச்சான். பிடிக்காம வெச்சது நான். ஷெட்டுல பிடிக்க வெச்சதும் நான்.

இப்போ அவன் ஆடு மேய்க்கப் போறது இல்லையாம். வீட்டுல யாரும் அவன்கிட்டப் பேசுதது இல்லையாம். பொழுதுக்கும் கெணத்து மேட்டுல போயி உக்காந்துக்கிடுதானாம். கேட்டதுல இருந்து மனசுக்குச் சங்கடமா இருக்கு. நானே நேர்ல போயிருப்பேன். முட்டி வலியில பைக்க எடுக்க முடியல.

எப்போதும்வென்றான் பக்கம் இருக்கவங்க யாராவது இத வாசிச்சீங்கன்னா, தயவுசெஞ்சு அவன்கிட்டப் போயி, வெள்ளத்துல முங்குன வண்டிக்குப் பிரேக்கு பைப்பு இத்துப்போகும், மிதிச்சாலும் நிக்காதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, கீழ கமெண்ட்ல ‘சொல்லியாச்சு’ன்னு ஒரு வார்த்த போடுங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா மட்டும், நெட்டுல பாத்தேன்னு சொல்லிருங்க.