கரைக்கு ஒரு கை

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இப்படிக் கிடைக்காது. குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். சேலையின் உடலை நான் நெய்வேன். வேறு நிறத்தில் வரும் வலப்பக்கக் கரைக்கு இன்னொருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டும். என் வீட்டில் அது என் மனைவி அம்சவேணி. இழை தப்பினால் என் முழங்கை அவள் விலாவில் விழும். அடி என்று எழுதிவிடாதீர்கள். தறியில் உட்கார்ந்தால் அதெல்லாம் சகஜம்.

எழுபத்திரண்டில் மாதர் நலத் திட்டம் வந்தது. லில்லி என்ற அம்மா குடையும் கைப்பையுமாக வந்து, கொட்டகை போட்டு, ஏழைப் பெண்களுக்கு, துணையில்லாமல் ஒருவரே நெய்யும் தனித்தறி கொடுத்தார். அம்சவேணியும் போனாள். இரண்டு வருஷம் அவள் உடம்பில் ஒரு காயமில்லை. லில்லியம்மா என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார். "பெண் கையில் சம்பாத்தியம் வந்தால் ஆண் திருந்துவான், இதோ சாட்சி" என்றார். கொட்டகை நாலு தெரு தள்ளி இருந்தது. என் முழங்கை அவ்வளவு நீளமில்லை என்பதை மேடையில் சொல்வது மரியாதையா?

அப்புறம் சர்க்கார் பணம் நின்றது. கொட்டகையைப் பூட்டி, தறிகளை அவரவரிடமே கொடுத்துவிட்டார்கள். அம்சவேணி தன்னுடையதை வீட்டில் என் தறிக்கு எதிரே போட்டாள். கரைக்குக் கூப்பிட்டேன்.

"ஆள வச்சுக்கோய்யா. எனக்கு என் தறி இருக்குது."

வாசலில் போன பக்கத்து வீட்டு முனுசாமி காதில் விழுந்துவிட்டது. "இன்னாபா நமச்சிவாயம், முதலாளியம்மாவாண்ட எப்போ வேலைக்குச் சேரப்போற?" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான் கோபக்காரன் இல்லை. யோசித்துத்தான் செய்தேன். தனித்தறிக்கு இரண்டு கை வேண்டும். கரை நாடா தள்ள ஒன்று போதும். இடது கையைத் தேர்ந்தெடுத்தேன். சோறு தின்ன வலது கை வேண்டுமே, அந்த இரக்கம் எனக்கு உண்டு. அம்மியின் மேல் அவள் கையை வைத்துக் குழவியை இறக்கினேன். விரல்கள் இனி மடங்காது என்றார் கட்டுப்போட்டவர்.

அவள் தறியை விற்றாயிற்று. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ஒழுங்காகக் கரை தள்ளுகிறாள். அடிக்கும்படி எதுவும் செய்வதில்லை. லில்லியம்மா எதற்குப் புகார் கொடுத்தார் என்றே புரியவில்லை. அவர் கேட்ட அமைதி என் வீட்டில் இப்போதுதான் நிலைத்திருக்கிறது.

சந்தேகமிருந்தால் அம்சவேணியையே விசாரியுங்கள். வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்வாள். ஆனால் நான் கூட இருக்கும்போது கேளுங்கள், ஐயா. தனியாகக் கேட்டால், பாவம், பயந்துவிடுவாள்.