மின்னஞ்சலுக்குச் சீர்த்தட்டு

மலையைப் பார்த்து எழுந்து, மலையைப் பார்த்தே உறங்கும் ஊரின் மக்களே! பேச அழைத்த அன்போடு, மணியடிக்கும் உரிமையையும் கையில் வைத்திருக்கும் அவைத் தலைவர் அறிவுச்செல்வன் ஐயா அவர்களே! வேங்கிக்கால் வெயிலை வென்று வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தம் மதிப்பெண்ணாக மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்குத் தெரியாமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் பிளஸ் டூ முடித்த செல்வங்களே! தமிழாசிரியன் சக்திவேலின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக.

கல்லூரிகளிலிருந்து வரும் மின்னஞ்சல்களைப் படித்துப் பொருள் கொள்வது எப்படி? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. இலக்கணம் நடத்துகிறவனிடம் இதை ஏன் கேட்டார்கள்? காரணம் இருக்கிறது. ஒரு மின்னஞ்சலுக்குச் சீர்த்தட்டு சுமந்த தாய்மாமன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். சிரிக்கிறீர்களா அம்மா? சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன், அன்றைக்கு முடியவில்லை.

அடி அண்ணாமலையில் என் தங்கை ரேணுகாம்பாள் இருக்கிறாள். அவள் கணவர் சக்கரவர்த்தி ஆட்டோ ஓட்டுகிறார். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் நின்று, "வாங்க சாமி, உங்களுக்காகத்தான் நிக்கிறேன்" என்று போவோர் வருவோர் அத்தனை பேரையும் அழைப்பார். வெளியில் அவ்வளவு வாய். வீட்டிலே? மகள் இனியாவிடம் "சாப்டியா" என்பதைத் தாண்டி ஒரு சொல் வராது. அன்பு இல்லையா? இருந்தது, குடம் குடமாய் இருந்தது. அதை வாயால் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

இனியா பிளஸ் டூ முடித்தாள். வெளியூரில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்தாள். மறுநாளே வந்தது மடல். எப்படி வந்தது? தேன் சொட்டச் சொட்ட வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை வீட்டாருக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். "அன்புள்ள இனியா, உன் திறமை கண்டு வியக்கிறோம். உன் வருகையால் எங்கள் வளாகம் பெருமை கொள்ளும். உனக்கான இடம் இங்கே காத்திருக்கிறது." ஒருமுறை படித்தவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அந்த வயதில் உங்களிடம் அப்படி யாராவது சொன்னார்களா? என்னிடம் யாரும் சொன்னதில்லை.

இடமே கிடைத்துவிட்டது என்று மாப்பிள்ளை முடிவு கட்டிவிட்டார். ஒரு காலையில் தங்கையையும் இனியாவையும் ஏற்றிக்கொண்டு, தெரிந்தவரின் வேனோடு என் வாசலில் வந்து நின்றார்.

"இவ்ளோ மரியாதையா கூப்பிட்டிருக்காங்க மச்சான். வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

வெற்றிலை, பாக்கு, பழம், பூ, நடுவில் ஒரு தேங்காய். சீர் என்றால் தட்டைத் தூக்குவது யார்? தாய்மாமன்தானே?

"மாப்ள, கவர்மென்ட் கவுன்சிலிங்குக்கு காலேஜ் பேரெல்லாம் வரிசையா போடறதுக்கு இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிதான் கடைசி" என்றேன்.

"அதான் சீட்டு வந்துடுச்சே, அது எதுக்கு?" என்றார். வேன் கிளம்பிவிட்டது.

பல்கலைக்கழக வாசலில் பூவும் பழமுமாய்ப் போய் இறங்கினோம். சேர்க்கை அலுவலகத்தில் இருந்த இளம்பெண் நல்லவள். தட்டைப் பார்த்தாள், இனியாவைப் பார்த்தாள், தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பேர் பதியற எல்லாருக்கும் இந்த மெயில் போகும் சார். அதுக்கப்புறம் அப்ளை பண்ணி பரீட்சை எழுதணும். பரீட்சையும் போன வாரமே முடிஞ்சுடுச்சுங்க."

தட்டு என் கையில் கனத்தது. மாப்பிள்ளை கோபப்பட்டாரா? இல்லை. "பௌர்ணமிக்கு நானும் இப்படித்தான்மா எல்லாரையும் கூப்பிடறேன்" என்றார். தட்டிலிருந்து இரண்டு பழங்களை எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

வேன் பாதி வழி வந்திருக்கும். இனியா கேட்டாள்: "அவங்களுக்கு என்னை யாருன்னே தெரியாதாப்பா?"

மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டினார். வாழ்நாளெல்லாம் வராத சொல் அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில் வந்தது.

"அவங்களுக்குத் தெரியாதும்மா. ஆனா அதுல எழுதியிருந்தது பொய்யில்ல. உன்னப் பாத்து வியந்தவன் நான். பெருமைப்பட்டவன் நான். எனக்குச் சொல்ல வரல. நம்ம மனசுல இருக்கறத எவனோ எழுதிட்டானேன்னுதான் தட்டு எடுத்துக்கினு கிளம்பிட்டேன்."

என் தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இனியா அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையாலேயே கைப்பேசியை எடுத்தாள். "மாமா, மணி என்ன?" நான்கு தாண்டியிருந்தது. அந்த மரத்தடியிலேயே, கெடு முடியுமுன், கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிந்து முடித்தாள்.

சில நாள் கழித்து அரசிடமிருந்து ஒரு மடல் வந்தது. அதில் அன்பு இல்லை, வியப்பு இல்லை, பெருமை இல்லை. பெயர், எண், கல்லூரி, பாடப்பிரிவு, எந்த நாளுக்குள் சேர வேண்டும் என்ற கட்டளை. வறண்ட மடல்தான். ஆனால் அதுதான் இடம். இன்று அவள் அரசுப் பொறியியல் கல்லூரி மாணவி. மூன்றாம் வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

ஆகவே செல்வங்களே, இனிக்கும் மடல் வந்தால் மகிழுங்கள், தப்பில்லை. ஆனால் அது அழைப்பு, அனுமதி அல்ல. என்ன செய்யச் சொல்கிறது, எந்தத் தேதிக்குள் என்று தேடிப் படியுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முகம் தெரியாத கணினி ஒன்று நம் பிள்ளையிடம் "நீ வந்தால் எங்களுக்குப் பெருமை" என்கிறது. நாம் சொன்னோமா? ஊட்டினோம், உடுத்தினோம், உழைத்தோம். சொன்னோமா? வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கல்லூரியின் கெடு மடலில் எழுதியிருக்கும். இந்தக் கெடு எதிலும் எழுதியிருக்காது. பிள்ளை பக்கத்திலேதான் உட்கார்ந்திருக்கிறது. சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

மணியைத் தொட்டும் அடிக்காமல் இருக்கும் தலைவருக்கும், சிரித்தும் கலங்கியும் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. நலம் சூழ்க. வணக்கம்.