இஞ்சி உறைக்காத வீடு

பிஞ்சு இஞ்சியின் தோலைச் சீவக் கத்தி வேண்டியதில்லை, மச்சான். தேக்கரண்டியின் விளிம்பால் லேசாகச் சுரண்டினாலே ஈரக் காகிதம் மாதிரி வந்துவிடும். கத்தியை எடுத்தால் தோலோடு சதையும் போய்விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் தங்கைதான்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். அவளுடைய துணிகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். தையல்காரன் மடித்தது, கசங்காது. தினமும் பேருந்து ஓட்டுகிறவர், விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். "அப்படி என்னதான் பண்ணீங்க மாப்ள, அவ வாயே தொறக்க மாட்டேங்குறா" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. வரிசையாகவே சொல்கிறேன்.

அவள் சமைத்த ஹோட்டல் ஜப்பான் பாணி என்பது உங்களுக்குத் தெரியும். தட்டில் மீன் வைத்த சோற்று உருண்டைகள் வரும், ஓரத்தில் ரோஜா நிறத்தில் இஞ்சிச் சீவல் வரும். புதிதாக வருகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மீனைத் தின்று முடித்து அடுத்ததை எடுப்பதற்குள் ஒரு சீவலை மெல்ல வேண்டும். முந்தைய ருசியைத் துடைத்துவிட்டு நாக்கு புதிதாக உட்காரும். அந்தச் சமையல்கட்டில் உங்கள் தங்கைக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். பானை மேலே ஆவி வரும்போதே உப்பு எத்தனை என்று சொல்லிவிடுவாளாம்.

வீட்டில் மதியச் சமையல் என்னுடையது. மெஷினில் நாலு பேன்டுக்கு இடுப்பைப் பிரித்துத் தைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் சேர்ந்து சாப்பிடுவோம். மேசையில் இஞ்சி ஜாடி இருக்கும். என் சூப்பில் ஒரு வாய், பிறகு ஒரு சீவல். என் மீனில் ஒரு வாய், பிறகு ஒரு சீவல். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

"பூண்டை கொஞ்சம் முன்னாடியே எறக்கியிருக்கலாம்ங்க."

"உப்பு ஒரு துளி தூக்கல்."

கோபமாகச் சொன்னதே இல்லை. இடித்துக்காட்டியதும் இல்லை. அவள் சொன்னது எப்போதும் சரியாகவே இருந்தது, தொந்தரவே அதுதான். தப்பாகச் சொல்கிற பெண்டாட்டியோடு சண்டை போடலாம். சரியாகவே சொல்கிறவளோடு ஒரு மனிதன் என்ன செய்வான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மதியம்கூட அவள் வெறுமனே சாப்பிட்டு எழுந்ததில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது நாக்கும் மூக்கும் சேர்ந்து போய்விட்டன. கஞ்சி குடித்தாலும் களிமண் குடித்தாலும் ஒன்றுதான் என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதீங்க. திடீர்னு ஒரு நாள் வந்துடும். காலையில ஏதாவது காரசாரமா ஒண்ணை வாயில போட்டுப் பாத்துக்கிட்டே இருங்க." அவள் இஞ்சியைத் தேர்ந்தெடுத்தாள். அது உறைக்கிற அன்றைக்குத் தன் நாக்கு திரும்பிவிட்டது என்று அர்த்தம் என்றாள். கையில் தெம்பு இல்லாததால் ஜாடி போடும் வேலை என்னிடம் வந்தது. இளசாகப் பார்த்து வாங்கி, கண்ணாடி மாதிரி சீவி, உப்பு தடவி, கொதிநீரில் முக்கியெடுத்து, சர்க்கரை கரைத்த சூடான வினிகரை ஊற்றுவேன். கண்ணெதிரே வெளுத்த சீவல் வெட்கப்பட்ட மாதிரி சிவக்கும். உண்மையில் அழகான வேலை, மச்சான்.

அந்த வாரங்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்று எப்படிச் சொல்வேன். நான் வைத்ததை அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டு எழுந்தாள். தட்டைக் கழுவினாள். அவ்வளவுதான். நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன். பொத்தான் துளைகள்கூட நேர்த்தியாக வந்தன.

பிறகு அவள் வேலைக்குத் திரும்பினாள். நாக்கு செத்துப்போனது அங்கே யாருக்கும் தெரியாது. இருமல் இன்னும் போகவில்லை என்று சொல்லி முகக்கவசத்தோடு நின்றாள். கைப் பழக்கத்தில் சமைத்து, சின்னச் சின்ன டப்பாவில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள்.

"உப்பு எப்டிங்க இருக்கு? புளிப்பு?"

என்னைக் கேட்டாள், மச்சான். தராசு என்னைக் கேட்டது. நான் கண்ணை மூடி, மெதுவாக மென்று, "ஒரு துளி குறைச்சுக்கோ" என்பேன். அவள் தலையாட்டுவாள். அந்தச் சமயங்களில் நான் நேர்மையாகத்தான் சொன்னேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒரு காலையில் அவள் சீவலை மென்றுகொண்டே நின்றுவிட்டாள். "ஏங்க, லேசா என்னமோ சுருக்குன்னு இருக்கு. நெஜமா, பிரமையான்னு தெரியல."

"பிரமையா இருக்கும்மா" என்றேன். "ரொம்ப ஆசப்பட்டா அப்படித்தான் தோணும்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. திட்டம் எல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு மதியமே புதிய ஜாடி ஒன்று போட்டேன். இந்த முறை சீவலைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்தேன், இஞ்சி தன் பெயரையே மறக்கிற வரைக்கும். வினிகருக்குப் பதில் வெறும் தண்ணீர். நிறத்துக்கு பீட்ரூட் சாறு. பார்த்தால் அசல் தோற்றுப்போகும். மறுநாள் அவள் மென்றாள், முகம் விழுந்துவிட்டது. அதே ஜாடியிலிருந்து நானும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தைச் சுளித்தேன். "அப்பப்பா, காது வரைக்கும் ஏறுது" என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எனக்கு இந்தத் திறமை இருக்கிறதென்று அதுவரை தெரியாது.

ருசியாகச் சமைப்பதைவிட ஒரு வீட்டையே ருசியில்லாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் நாளுக்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினேன். காபித்தூள் டப்பாவில் வறுத்த தானியப் பொடி போனது. பற்பசையை மாற்றினேன், சோப்பை மாற்றினேன், ஊதுபத்தியை எடுத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் டாக்டர் மேல் பழியைப் போட்டேன். வாசனை எதுவும் கூடாது, மூக்குக்கு ஓய்வு வேண்டும் என்றாராம். இன்னொரு முறை அவரைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டபோது, "போன தடவ சொன்னதையேதான் சொல்வாரு" என்றேன். ஹோட்டலில் எதையும் வாயில் வைக்காதே, உன் முகமே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று புத்தி சொன்னேன். அவள் கேட்டாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பே போடாத என்னை அவள் அந்தக் காலத்தில் தெய்வமாக நினைத்தாள். சிரிக்கலாம் மச்சான், நானும் சிரித்திருக்கிறேன்.

அப்போதுதான் ஹோட்டலில் பெரிய சமையல்காரர் ஓய்வுபெறப்போகிற பேச்சு வந்தது. அந்த இடத்துக்கு உங்கள் தங்கைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலாளியம்மா ஒரு சின்ன விருந்து வைத்து, அவள் கையால் சாப்பிட்டுப் பார்த்து முடிவுசெய்வதாக ஏற்பாடு. அதில் மீன் எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த தெளிந்த ரசம் ஒன்று உண்டு. மொத்தச் சமையலின் மானமும் அதில்தான் இருக்கிறது என்பாள். காலையிலேயே வீட்டில் அதைத் தயார்செய்து, ஒரு கிண்ணத்தில் எனக்கு ஊற்றிக்கொடுத்தாள்.

குடித்தேன். அவ்வளவு நல்ல ஒன்றை நான் அதற்கு முன் குடித்ததில்லை. ஒரு துளிகூட வாயில் வைத்துப் பார்க்காமல், கைப் பழக்கத்திலேயே அவள் அதைச் செய்திருந்தாள். ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை.

"உப்பு பத்தல" என்றேன்.

போட்டாள். இன்னொரு கிண்ணம் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

போட்டாள். மூன்றாவது முறை நான் தலையாட்டினேன். பாத்திரத்தை டாக்சி வரைக்கும் நானே சுமந்துபோய் வைத்தேன், சிந்தாமல்.

முதலாளியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாராம். உங்கள் தங்கை அங்கேயே முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உண்மையைச் சொல்லி, வேலையையும் விட்டுவிட்டு வந்தாள். தன் கத்திகளைத் துடைத்து, கூட வேலை பார்த்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாளாம். வீட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து, "நீங்க இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்றாள். நீங்கள் கல்யாணமானவர். இந்த வார்த்தையைக் கேட்க ஓர் ஆண் எவ்வளவு காலம் காத்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு ஓரம் அடித்துக்கொடுத்தாள். ஊசியில் நூல் கோக்கும் போட்டியில் என்னை ஜெயித்தாள். இளைத்திருந்தாள், அது உண்மை. தினமும் இஞ்சியை மெல்ல அவளுக்கு அலுத்துப்போனது. "விடுங்க, இனிமே வராது" என்றாள். நான் விடவில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு தட்டில் சீவலை எடுத்துவைத்து, "நம்பிக்கையை விடக் கூடாதும்மா" என்றேன். அவளைத் தேற்ற வேறு யார் இருந்தார்கள்.

மாடி வீட்டு அம்மாவால் கெட்டது. பாவாடையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்தவர், நான் கடைக்கு நூல் வாங்கப் போயிருந்த நேரத்தில், கையிலிருந்த ஆரஞ்சுப் பழம் ஒன்றை உங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அவள் பழத்தைத் தின்று முடித்திருந்தாள். தோலையும் தின்றுகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது, முகத்தில் சிரிப்பு.

"வந்துடுச்சுங்க" என்றாள். "உரிக்கும்போதே மூக்குல ஏறுச்சு."

நான் சந்தோஷப்பட்டேன். முகத்தில் அதைக் கொண்டுவர எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அவள் நேராகச் சமையலறைக்குப் போய் ஜாடியைத் திறந்து ஒரு சீவலை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்றைப் போட்டாள். ஜாடித் தண்ணீரை மோந்து பார்த்தாள். பிறகு ஒரு சீவலை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க ஒண்ணு போடுங்க."

போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது. பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. முகம் தானாகச் சுளித்தது, கண் தானாகக் கலங்கியது. "காது வரைக்கும் ஏறுது" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், ஒரு குழம்பு ஏன் கெட்டது என்று பார்க்கிற மாதிரி. காபி டப்பாவைத் திறந்து மோந்தாள். உப்பு ஜாடியைத் திறந்து, அது நிறைய இருப்பதைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி ஒன்றே ஒன்று சொன்னாள். "கைல பக்குவம் இல்லாதவங்கள நான் திருத்தவே மாட்டேங்க. ஹோட்டல்ல யார வேணா கேட்டுப் பாருங்க." அப்படியே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவ்வளவுதான். இஞ்சியைச் செத்துப்போக வைத்தது நான். ரசத்தை உப்பாக்கியது நான். அவள் நாக்கு எப்போதோ திரும்பியிருந்தது, எனக்கு அது தெரியும், அவளுக்குத்தான் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். எதையும் மறுக்கவில்லை. போலீஸ், வக்கீல், யார் கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் ஒரு நாள்கூட அவள்மேல் கையோங்கியதில்லை, பட்டினி போட்டதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹோட்டலில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்களாமே. மாடி வீட்டு அம்மா சொன்னார். நல்லது. இத்தனை மாதம் நாக்குக்கு முழு ஓய்வு கிடைத்திருக்கிறது அல்லவா, இனிமேல் இன்னும் கூர்மையாக இருக்கும்.

பெட்டியைத் தூக்கும்போது இந்தத் தூக்குப் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து மீன் செய்தேன், அவளுக்குப் பிடித்த மாதிரி, பூண்டை முன்னாடியே இறக்கி. நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். சூடாகக் கொடுங்கள், சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று ஒரு போன் போட்டால் போதும். உப்பு தூக்கல் என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள் மச்சான், அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் நாக்கு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.