வாடிக்கையாளர் பக்கத்தில் என் பேர்

பிரேக் போடாமல் எந்தச் சக்கர நாற்காலியையும் நான் விட்டதில்லை, சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

படப்பைச் சந்தையில் மூட்டை தூக்கி முதுகு போன பிறகு, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நாற்காலி தள்ள வந்தேன். மூட்டை பேசாது, அது ஒன்றுதான் வித்தியாசம். நாற்பத்தெட்டு வயதில் தாம்பரத்தில் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டினேன். நான் முழுதாகப் படித்த முதல் சமாச்சாரம் எங்கள் விமானக் கம்பெனி இன்டர்நெட்டில் எழுதும் பிளாக். மகள் ஹேமாவதி போனில் எடுத்துக் கொடுத்தாள்.

நல்ல தமிழ் சார் அது. சாப்பாட்டை நிறுத்தினாலும் 'மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்' என்பார்கள். விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் 'செயல்பாட்டுக் காரணங்களால்' என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ரேஷன் வாங்காமல் வீட்டுக்குப் போன அன்று என் வீட்டுக்காரி கிளியம்மாளிடம் அதையே சொல்லிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அதில் வாடிக்கையாளர் பக்கம் என்று ஒன்று உண்டு. பயணிகள் எழுதும் நன்றிக் கடிதங்களைப் போடுவார்கள். குரோம்பேட்டை சுந்தரவல்லி அம்மா ரிட்டையர்டு டீச்சர். ஒரு பக்கம் கை கால் வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புனேவில் இருக்கும் மகளிடம் போவார், நான்தான் தள்ளுவேன். 'ஜெயவேலு பூப்போலத் தள்ளினார்' என்று எழுதினார். அதுவரை என் பேர் ரேஷன் கார்டில்தான் வந்திருந்தது. பிரிண்ட் எடுத்துப் பீரோவில் ஒட்டினேன். நாலு தடவை வந்தது, நாலையும் ஒட்டினேன்.

ஐந்தாம் தடவை நான் லீவு. என்னோடு நாற்காலி தள்ளும் தீனா தள்ளினான். மறுவாரம் டீக்கடையில் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினான்.

"பாத்துக்கினியா ஜெயவேலண்ணா? 'தங்கமான பையன் தீனா'ன்னு அந்தம்மா எய்திக்கீது. உன் சீட்டு கிழிஞ்சுது."

"போடா டேய், டீ ஆறுது."

வாங்கி நானே படித்தேன். நாலு வரி. நாலிலும் தீனா.

போன செவ்வாய்க்கிழமை காலை அம்மா வந்தார். மகன் அச்சுதன் வாசலில் என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

"போன தடவை எங்கே போயிட்டே ஜெயவேலு? எழுதியிருந்தேனே, படிச்சியா?"

"படிச்சேம்மா."

ரிப்பேருக்காகத் தட்டி வைத்து அடைத்த பழைய பாதை ஒன்று இருக்கிறது. ஏசி கிடையாது, ஆள் நடமாட்டமும் கிடையாது. அதற்குள் கொண்டுபோய் நிறுத்திப் பிரேக் போட்டேன். மாத்திரைப் பையும் போனும் மடியில் இருந்தன. கீழே விழுந்துவிடுமே என்று எடுத்து நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். அவருக்குக் கை பின்னால் போகாது.

"என்னப்பா, இங்கே ஒருத்தரையும் காணோம்?"

"செயல்பாட்டுக் காரணங்களால் தாமதம்மா."

டீச்சர் சிரித்துவிட்டார். கவுண்டரில் போய், அம்மா வரவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு இன்னும் ஒன்பது பேரைத் தள்ளினேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து நான்தான் போய்ப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. நாற்காலி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இப்போது நீங்கள் அந்த நாலு வரிக்குக் கீழே 'மேலும் படிக்க' என்று நீலத்தில் இருந்ததைத் தொட்டுக் காட்டினீர்கள். எல்லாச் செய்திக்குக் கீழும் அது இருக்கும்; கம்பெனி விளம்பரம் என்று நான் தொட்டதே இல்லை. உள்ளே இன்னும் பத்து வரி இருக்கிறது. தீனா நல்ல பையன், ஆனால் பாதி வழியில் போன் பார்க்கிறான். ஜெயவேலு தள்ளினால்தான் எனக்குப் பயமில்லை, இனிமேல் அவர் இருக்கும் நாளாகக் கேட்டுத்தான் டிக்கெட் போடுவேன் என்று அம்மா எழுதியிருக்கிறார்.

முக்கியமானதை இப்படி மடித்து வைத்தால் என்னைப் போன்றவன் என்ன செய்வான்? அந்தப் பக்கத்தைப் போடுகிறவர்களை நீங்கள் விசாரிக்க வேண்டும், சார். ஓர் உயிர் போயிருக்கிறது.

அப்புறம், அதை ஒரு பிரிண்ட் எடுத்துத் தாருங்கள். முழுதாக. பீரோவில் ஐந்தாவதுக்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன்.