கை காட்டினவர்

ராத்திரி பன்னெண்டு தாண்டியிருக்கும்... கரமனை ஆத்தங்கரை ரோடு. மழை விட்டிருக்கு, கரண்டு இல்ல. ஒரு நாய்கூடக் குரைக்கல.

கதவைச் சாத்திட்டு இப்படித் தள்ளி இருங்கடே. இது கேள்விப்பட்டதுதான், ஆனா சத்தியம். என்கூட சாலை பஜார்ல கடை வேலைக்கு நின்ன அஜினுக்கு அண்ணன் முறை, லிங்கராஜ். ஆட்டோக்காரன். நாலு வருசம் முந்தி, தொண்ணூத்தாறுல அவனுக்கு நடந்தது.

அந்த ராத்திரி வண்டியில பின்னால இருந்தது அவன் மாமனார், தாணுமாலையன். சின்ன வயசுல மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவரு. யுத்தத்துல ஜப்பான்காரன் பிடிச்சு, சயாம் காட்டுல ரயில்பாதை போடக் கொண்டு போயிட்டான். "கேம்புலேர்ந்து மூணு பேரு தப்பிச்சோம். மத்த ரெண்டு பேரும் காய்ச்சல்ல போயிட்டானுக. நான் ஒருத்தன்தான் மிச்சம்"னு அம்பது வருசமா சொல்லிட்டுத் திரிஞ்சாரு. கல்யாண வீட்டுல அதைக் கேக்கவே ஒரு கூட்டம் இருக்கும்.

அதே மாதிரி ஒரு இங்கிலீஷ் படம் தம்பானூர்ல ஓடுச்சு. காட்டுக் கேம்புலேர்ந்து கைதிக தப்பிக்கிற கதை. கிழவருக்குப் பிடிக்குமேன்னு லிங்கராஜ் செகண்ட் ஷோவுக்குக் கூட்டிட்டுப் போனான்.

பாதிப் படம் வரைக்கும் கிழவர் பக்கத்து சீட்டுக்காரனுக்கெல்லாம் விளக்கம் சொன்னாரு. கைதிக மூங்கில் காட்டுக்குள்ள ஓடுற இடம் வந்துது... பேச்சு நின்னுபோச்சு.

"மருமவனே, எல்லாரும் ஓடுதானுக. அந்த ரெண்டு பேரு மட்டும் ஏன் நின்னு என்னையே பாக்கானுக?"

லிங்கராஜ் பாத்தான். திரையில அப்படி யாருமே இல்ல.

திரும்பி வரும்போது மெயின் ரோட்டுல வெள்ளம். அதான் ஆத்தங்கரை வழி. கொஞ்ச தூரத்துல ஒரு வாடை... ஈர மூங்கில் வாடை. அதுக்குள்ள புண்ணு அழுகுற நாத்தம். ஆத்துப் பக்கமிருந்து டங்... டங்... இரும்பு மேல சம்மட்டி விழுற சத்தம்.

வண்டி இருமி, நின்னுபோச்சு.

கிழவர் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடிச்சாரு. கை ஐஸ் மாதிரி.

"நான் வாயே திறக்கல மருமவனே. நான் பிடிபட்டுட்டேன். கூட வந்த ரெண்டு பேரும் ஒளிஞ்ச இடத்தை ஜப்பான்காரன் கேட்டான். கைதான் காட்டினேன். எனக்கு உயிர் வேண்டாமா? சுட்டது ஜப்பான்காரன்லா..."

சம்மட்டி பக்கத்துல கேட்டுது. கிழவர் குதிச்சு இறங்கி, கரையில இருந்த தாழம்புதருக்குள்ள நுழைஞ்சாரு. "காட்டிக் குடுத்துராத, மக்கா."

சத்தம் நின்னுது.

ரோட்டுல ரெண்டு பேரு வந்தானுக. இடுப்புல கோவணம். விலா எலும்பு ஒண்ணொண்ணா தெரியுது. கழுத்துக்கு மேல வெறும் இருட்டு. ஒருத்தன் கேட்டான்...

"எங்க?"

அவ்வளவுதான்.

லிங்கராஜ் பல்லைக் கடிச்சுக்கிட்டான். செத்தாலும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தான். ஆனா வலது கை... அவன் தூக்கலடே. தானா எந்திரிச்சுது. விரல் நீண்டு, புதரைக் காட்டுச்சு.

ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போனானுக. கத்தல் ஒண்ணும் கேக்கல. வாடை மட்டும் போயிட்டுது.

விடிஞ்சு ஆளுங்க பாத்தப்ப, கிழவர் தண்ணியோரம் முட்டி போட்டபடி செத்திருந்தாரு. உடம்புல ஒரு கீறல் இல்ல. ரெண்டு கையும் பின்னால, பச்சைப் பிரம்பால கட்டி. "இது எவிடுந்நு?"ன்னு எஸ்.ஐ. மலையாளத்துல கேட்டாரு, எங்கேர்ந்து வந்துதுன்னு. கரமனையில ஏது காட்டுப் பிரம்பு? முடிச்சு அவிழல, வெட்டித்தான் எடுத்தாங்க.

அதோட தீர்ந்துதுன்னுதான் நினைச்சாங்க.

லிங்கராஜ் வண்டியை வித்துட்டான். ஆனா இப்பவும் நல்ல தூக்கத்துல அந்த வலது கை எந்திரிக்குமாம். பொண்டாட்டி பொன்செல்வி பிடிச்சு அமுக்கினாலும் இறங்காதாம். முதல்ல ஆத்துப் பக்கமாத்தான் நீட்டிட்டு இருந்துது. அவங்க மவன், கிழவரோட பேரனுக்கு ஆறு வயசு... அவன் பாய் போட்டுக் கீழ படுப்பான். போன மாசம் ஒரு ராத்திரி அவ முழிச்சுப் பாக்கா, விரல் அந்தப் பாயைக் காட்டுது.

பொன்செல்வி பிள்ளையைத் தூக்கிட்டு அடுக்களைக்கு ஓடினா.

அங்கேர்ந்து எட்டிப் பாத்தாளாம்...

கை மெள்ள அடுக்களைப் பக்கமாத் திரும்பிட்டு இருந்துது.