என்னிடம் மட்டும் பேசியவள்

கம்பெனி பஸ் மண்ணூர் கூட்டுரோட்டுக்குக் காலை ஏழே முக்காலுக்கு வரும். ஒரு நிமிடம் பிந்தினாலும் நிற்காது. இசக்கிசெல்வி மகளை எங்கள் குழந்தைகள் பேச்சுப் பயிற்சி மையத்தில் விட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓடுவாள். செல்போன் உதிரி பாகம் பூட்டும் வேலைக்காக 2006இல் வந்த தெற்கத்திப் பெண். மாலை ஆறுக்குத் திரும்புவாள்.

மகள் கவியாவுக்கு நான்கு வயது. அப்பா லாரியில் அடிபட்டதைப் பார்த்த நாளிலிருந்து பேச்சில்லை. "ஒரு வாட்டி அம்மான்னு கூப்பிட்டாப் போதும் மிஸ்" என்பாள் இசக்கிசெல்வி. கவியாவைப் பேச வைப்பதுதான் என் வேலை.

அதற்கு ஒரு முறை உண்டு. குழந்தை முதலில் நம்மைப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொள்ள விட வேண்டும். பிறகு அந்தப் பிடியைத் தாயின் கைக்கு மாற்ற வேண்டும். தாய் சொல்லிக்கொண்டு போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். இதையெல்லாம் நன்றாகப் படித்தவள் நான்.

நான்காம் மாதம், என் மடியில் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த கவியா வாயைத் திறந்தாள்.

"அம்மா எங்க?"

நான்கு மாதம் மடியில் வைத்திருந்தது நான்.

குழந்தை பேசியதை இசக்கிசெல்வியிடம் சொல்லவில்லை. "இனிமே அவ பாக்காதப்ப நழுவிடுங்க. வீட்டுல அழுதாலும் தூக்காதீங்க. சிகிச்சை கெட்டுடும்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான் மிஸ்."

மறுநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

ஆயா கிளியம்மாள் சிரிப்பாள். "இன்னா மிஸ்ஸு, பெத்தவளாண்ட போவ மாட்டேங்குது. உன்னாண்ட பசை போட்டாப்ல ஒட்டிக்கினு கீது."

குழந்தை வாசலைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் தடவிச் சொன்னேன்: "நீ பேசினதாலதான் அம்மா சொல்லாமப் போறா. இன்னொரு வார்த்தை அவ காதுல விழுந்தா வரவே மாட்டா. எங்கிட்ட மட்டும் பேசு. நான் போக மாட்டேன்."

ஒவ்வொரு காலையும் தாயே அதை உண்மையாக்கினாள். சாத்திய அறையில் கவியா என்னிடம் கதை சொன்னாள், பாடினாள். வீட்டில் வாய் திறக்கவில்லை. ஐந்து மாதம் அவள் கோப்பில் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதினேன்.

நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. இதையும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்கு வேண்டியதைத்தான் கொடுத்தேன்.

அன்று கம்பெனியில் கரண்ட் கோளாறு. மதியமே அனுப்பிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று இசக்கிசெல்வி மகள் பாடுவதைக் கேட்டிருக்கிறாள். கதவைத் திறந்தபோது முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

கவியா திரும்பிப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உட்கார்ந்த இடம் நனைந்தது.

"என்னப் பாத்ததும் ஏன் மிஸ் வாயப் பொத்துதா? புள்ளகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கிய?"