சேமித்தாலே ஓடும்

கிட்டே வந்து உட்காருங்கள் தம்பி, மின்விசிறிக் காற்று இங்கேதான் விழும். விசாரிக்க வந்த உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். வரி விடாமல் மடிக்கணினியில் தட்டிக்கொள்ளுங்கள்.

என் மாப்பிள்ளை தங்கமானவர். உங்கள் அலுவலக வேலையை எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் செய்வார். கணினி எடிட்டரில் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைகள், எழுதுவார். ஓட்டிப் பார்க்க அதைவிட்டு வெளியே போய், கறுப்புத் திரையைத் திறந்து, கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்து, பிழையோடு திரும்பி வருவார். மதியத்துக்குள் நாற்பத்தேழு தடவை. சிட்டிகைச் சிட்டிகையாக உப்பு வாங்கக் கடைக்கு ஓடுகிறவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது?

"உள்ளேயே ஓட்ட வழி இருக்குமே, மாப்பிள்ளை?"

"இருக்கு அத்தை. அதையெல்லாம் செட் பண்ண நேரம் ஏது?"

நேரம் என்னிடம் இருந்தது. பத்து நாள் படித்தேன். அவர் குளிக்கப் போனபோது, சேமித்தாலே ஸ்கிரிப்ட் ஓடும்படி வைத்தேன். தனியாக ஒரு விசைகூட வேண்டாம்.

எழுதிய செய்தியை முந்நூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களுக்கும் அனுப்புகிற ஸ்கிரிப்ட் அது என்று எனக்குத் தெரியும். அவர் வரிக்கு வரி சேமிக்கிறவர் என்பதும் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைய செய்தியின் முதல் வரி: "அலுவலகம் இன்றோடு மூடப்படுகிறது." சேமித்தார்.

இரண்டாவது வரி, "இப்படி ஒரு வதந்தி, நம்ப வேண்டாம்" என்பது. அதை நயமாக எழுத வேண்டுமென்று அரை மணி நேரம் கூரையைப் பார்த்தார். அவருடைய போன் துள்ளத் தொடங்கியது. வேலை கெடுமே என்று அதை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டாவது வரி போனபோது படிக்க அலுவலகத்தில் ஆளில்லை. நாற்காலியோடு கிளம்பியவர்களும் உண்டாம்.

"எதையோ தெரியாம அமுக்கிட்டேன் போல, அத்தை" என்கிறார் பாவம். நாளைக்கு அவர் வேலை போகும் என்கிறீர்கள். போகக் கூடாது. செய்தது நான். இனி அடுத்தவர் பொருளில் கைவைக்க மாட்டேன்.

நீங்களும் வரிக்கு வரி சேமிக்கிறீர்கள், நல்ல பழக்கம். சற்றுமுன் மடிக்கணினியைத் திறந்துபோட்டுவிட்டுக் கைகழுவப் போனீர்களே, அதிலும் அதே ஸ்கிரிப்டைச் சேமித்தாலே ஓடும்படி வைத்துவிட்டேன். மாப்பிள்ளை மேல் குற்றமில்லை என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இந்நேரம் படித்திருப்பார்கள்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும் தம்பி. உங்களுக்கும் என்னைப்போல ஒரு மாமியார் வாய்க்கட்டும்.